வசன வரிகளைச் சுற்றி எழும் சாம்பல் புகை: மினி எல்இடி பின்னொளியின் பழுதா, இயல்பா?

பொங்கோல் மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் சிங்கப்பூரில் எங்கள் பொங்கோல் வீட்டுக்கு 65 அங்குல மினி எல்இடி தொலைக்காட்சி ஒன்றை வாங்கினோம். எங்கள் வரவேற்பறை மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திரைச்சீலையை எவ்வளவு இழுத்து மூடினாலும் வெயில் உள்ளே வந்துவிடும். அதனால் பிரகாசம் மிகுந்த திரையே எங்களுக்குப் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னார். பகலில் பார்க்கும்போது அவர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது. கிரிக்கெட் ஆட்டமும் வசந்தம் ஒளிவழியின் செய்தியும் பழைய பெட்டியில் இருந்ததைவிட மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

சிக்கல் இரவில்தான். இரவு உணவுக்குப் பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, மலையாளப் படங்களையும் கொரியத் தொடர்களையும் வசன வரிகளோடு அப்பாவும் நானும் பார்ப்பது வழக்கம். காட்சி இருட்டாக இருக்கும் நேரத்தில் வெள்ளை எழுத்துகள் தோன்றியதும், அவற்றைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிறப் புகை போன்ற ஒன்று பரவுகிறது. எழுத்து மறைந்ததும் அதுவும் மறைந்துவிடுகிறது. வசன வரி படத்துக்குக் கீழேயுள்ள கறுப்புப் பட்டையில் வரும்போது இன்னும் மோசம். பட்டையின் நடுப்பகுதி முழுவதும் வெளிறிப்போகிறது. அப்பாவுக்கு 74 வயது. அவர் சன்னலோரச் சாய்வு நாற்காலியில் பக்கவாட்டாக உட்காருவார். அவர் கண்ணுக்கு இந்தப் புகை எனக்குத் தெரிவதைவிடப் பெரிதாகத் தெரிகிறதாம். எழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்ததுபோல இருக்கிறது என்கிறார்.

கடையில் கேட்டால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் உள்ள பெட்டியில் இப்படி வரவே கூடாது என்று ஒருவரும், எல்லா மினி எல்இடியும் இப்படித்தான் என்று மற்றொருவரும் சொல்கிறார்கள். மாற்றித் தருவதற்கான கெடு முடிய இன்னும் 9 நாள்களே உள்ளன. இது பழுதா? மண்டலம் என்று அவர்கள் சொல்வது எதை? கூடுதலாகச் சில நூறு வெள்ளி கொடுத்து ஓஎல்இடி திரைக்கு மாறுவதா, அல்லது இப்போது பேசப்படும் மூவண்ண மினி எல்இடிக்குக் காத்திருப்பதா? நான் கணக்காய்வுத் துறையில் இருப்பவள், மின்னணுவியல் படித்ததில்லை. விளக்கம் நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படிப்பேன்.

சிராங்கூன் இளங்கோவன் எழுதியது:

மலர்விழி அவர்களுக்கு வணக்கம். எல்இடி சில்லுகளைப் பலகையில் பொருத்தும் இயந்திரங்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் பெட்டியில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இது இந்த வகைப் பின்னொளியின் பிறவிக் குணம். ஆனால் அது எந்த அளவுக்குத் தெரியும் என்பது பெட்டிக்குப் பெட்டி, இருக்கைக்கு இருக்கை, கண்ணுக்குக் கண் மாறும். ஆகவே ஒரு சிறு சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுடையதைப் போன்ற திரவப் படிகத் திரை (எல்சிடி) தானாக ஒளிர்வதில்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்ணிய சன்னல் கதவைப் போன்றது. பின்னால் எரியும் விளக்கின் ஒளியை அது வெளியே விடும், அல்லது தடுக்கும். ஆனால் எந்தக் கதவும் இடுக்கில்லாமல் சாத்திக்கொள்வதில்லை. இந்தக் கதவுகள் அடங்கிய பலகத்தில் இரண்டு வகைகள் பரவலானவை. ஐபிஎஸ் வகைப் பலகம் சாத்திய நிலையிலும் ஏறத்தாழ 1,000-இல் ஒரு பங்கு ஒளியைக் கசியவிடுகிறது. விஏ வகைப் பலகம் 3,000 முதல் 5,000-இல் ஒரு பங்கைக் கசியவிடுகிறது. முழுத் திரைக்கும் சேர்த்து ஒரே பின்னொளி எரிந்த காலத்தில், நள்ளிரவுக் காட்சிகூடச் சாம்பல் பூசியதுபோல் தெரிந்ததற்கு இந்தக் கசிவே காரணம். கதவைத் திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதால், பின்னொளியையே கட்டம் கட்டமாகப் பிரித்து, காட்சி எங்கே இருட்டாக இருக்கிறதோ அங்கே விளக்கைத் தணித்துவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். அப்படித் தனித்துத் தணிக்கக்கூடிய ஒவ்வொரு கட்டமும் ஒரு மண்டலம். அந்தப் பின்னொளியை ஆயிரக்கணக்கான மிகச் சிறிய எல்இடி விளக்குகளால் அமைப்பதுதான் மினி எல்இடி.

இப்போது உங்கள் திரையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 அங்குலத் திரை ஏறத்தாழ 144 சென்டிமீட்டர் அகலமும் 81 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அதை 1,000 மண்டலங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 3.4 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமாகும். 4கே திரையில் உள்ள 82,94,400 புள்ளிகளில் ஏறத்தாழ 8,300 புள்ளிகள் ஒரே மண்டலத்தின் விளக்கைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. வசன வரியின் ஓர் எழுத்து கிட்டத்தட்ட ஒரு மண்டலத்தின் அளவில்தான் இருக்கும். எழுத்தின் கோடுகள் வெள்ளையாக வேண்டும் என்றால் அந்த மண்டலத்தின் விளக்கு எரிந்தாக வேண்டும். விளக்கு எரிந்தால் கோடுகளுக்கு இடையே உள்ள கறுப்புப் புள்ளிகளின் வழியே ஒளி கசிந்தாக வேண்டும். அதோடு நில்லாமல், புள்ளி புள்ளியாக விளக்குத் தெரியாமல் இருப்பதற்காக நடுவே வைத்திருக்கும் ஒளியைப் பரப்பும் தகடு, அந்த ஒளியை அண்டை மண்டலங்களுக்கும் கொண்டுபோகிறது. அப்பா சொல்லும் மெழுகுவர்த்தி இதுதான். உவமை மிகச் சரியானது.

கடைகளில் விளக்குகளின் எண்ணிக்கையையும் மண்டலங்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். 2019-இல் டிசிஎல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மினி எல்இடி தொலைக்காட்சியில் 25,000-க்கும் மேற்பட்ட விளக்குகள் இருந்தன. மண்டலங்களோ ஆயிரத்தை நெருங்கின, அவ்வளவே. அதாவது ஏறத்தாழ 25 விளக்குகள் சேர்ந்து ஒரே கட்டளைக்கு எரிந்தன, தணிந்தன. 2021-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் புரோவில் 10,000-க்கும் மேற்பட்ட விளக்குகளும் 2,596 மண்டலங்களும் இருந்தன. மண்டலத்துக்கு நான்கு விளக்குகள். அதற்கு முந்தைய ஐபேடின் பின்னொளியில் மொத்தமே 72 விளக்குகள்தாம் இருந்தன என்பதோடு ஒப்பிட்டால், குறுகிய காலத்தில் இந்தத் துறை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது விளங்கும். இருட்டைக் காப்பாற்றுவது மண்டலங்களின் எண்ணிக்கை. விளக்குகளின் எண்ணிக்கை கூடுவதால் கிடைப்பவை பிரகாசமும் மெல்லிய உடலும். விளக்குகள் நெருங்க நெருங்க, அவற்றின் ஒளி ஒன்றோடொன்று கலப்பதற்குத் தேவைப்படும் இடைவெளி குறைந்து, பெட்டியின் தடிமனும் குறைகிறது.

மினி எல்இடி சில்லு ஒன்று பொதுவாக 100 முதல் 200 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். தடித்த தலைமுடி ஒன்றின் குறுக்களவைப் போல ஒன்றிரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட 25,000 சில்லுகளை ஒரு பலகையில் நிரப்பும்போது 99.99 விழுக்காடு சரியாக அமைந்தாலும் இரண்டு மூன்று இடங்கள் பிசகும். ஒளியைப் பரப்பும் தகட்டுக்குப் பின்னால் இருப்பதால் ஒரு விளக்கு எரியாமல் போனாலும் நேரடியாகக் கறும்புள்ளியாகத் தெரியாது, மங்கிய திட்டாகத் தெரியும். ஆனால் அந்தத் திட்டைக் கண் விடாது. எங்கள் தொழிலின் பாடு முழுவதும் அந்த இரண்டு மூன்று இடங்களுக்காகத்தான். ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதை விட்டு, வேகமாகவும் பிசகாமலும் வைக்கும் இயந்திரங்கள் வந்த பிறகே இந்தப் பின்னொளி சாதாரண வீடுகளுக்கு எட்டும் விலைக்கு இறங்கியது. 2018-இல் பிக்ஸலக்ஸ் என்ற இயந்திரத்தை வெளியிட்டு, 2021-இல் லேசர் கொண்டு சில்லுகளை இடம் மாற்றும் யுனிகார்ட்டா நிறுவனத்தையும் வாங்கிய குலிக்கே அண்ட் சோஃபாவின் தலைமையகம் நம் சிராங்கூன் நார்த்தில் இருக்கிறது. சில்லு பொருத்தும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்பிடி ஈசூனில் இருக்கிறது. நம் வரவேற்பறையில் எரியும் இந்தச் சிறு விளக்குகளின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

பலகையின் மூலப்பொருளும் மாறிவருகிறது. வழக்கமான அச்சிட்ட சுற்றுப் பலகை சூட்டில் சற்றே வளையும். கண்ணாடிப் பலகை வளையாது. அதன்மேலேயே மெல்லிய டிரான்சிஸ்டர்களைப் பதித்து மண்டலங்களை இயக்கவும் முடியும். 2020-இல் டிசிஎல் இத்தகைய கண்ணாடிப் பின்னொளியைக் காட்சிக்கு வைத்தது.

சோதனைக்கு வருகிறேன். இருட்டுக் காட்சியில் வசன வரி தோன்றும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். வழக்கமான இருக்கையில் அமர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, வெள்ளை எழுத்துகளை மட்டும் ஒரு பென்சிலால் அல்லது அட்டைத் துண்டால் மறையுங்கள். எழுத்து மறைந்த பிறகும் சுற்றியுள்ள புகை தெரிந்தால் அது திரையில் இருக்கிறது. எழுத்தோடு சேர்ந்து புகையும் மறைந்தால், அது நம் விழிக்குள் ஒளி சிதறுவதால் தோன்றுவது. எந்தத் தொலைக்காட்சியாலும் அதை நீக்க முடியாது. நீங்களும் அப்பாவும் தனித்தனியாக, முதலில் நடு இருக்கையிலும் பிறகு அவருடைய நாற்காலியிலும் செய்து பாருங்கள். விஏ பலகம் பக்கவாட்டில் பார்ப்பவருக்குக் கூடுதலாகக் கசியும் என்பதோடு, பின்னொளிக்கும் பலகத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், சாய்ந்து பார்ப்பவருக்குப் புகை எழுத்தை விட்டு ஒரு பக்கமாக விலகி இன்னும் எடுப்பாகத் தெரியும்.

காட்சித்தொகுப்பாளன் எழுதியது:

இளங்கோவன் அண்ணன் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். நான் படத்தொகுப்புக் கூடத்தில் நிறம் சீர்செய்யும் வேலையில் இருப்பவன். அவர் சொன்ன பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஒரே இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மண்டலங்களின் எண்ணிக்கைதான் இருட்டைக் காப்பாற்றுகிறது என்று அவர் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள், அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துப் பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் மண்டலங்கள் உள்ள இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து ஒரே காட்சியை ஓட்டினால், ஒன்றில் நிலவு அழகாக எரியும், மற்றொன்றில் நிலவைச் சுற்றிப் பனிமூட்டம் தெரியும். வேறுபாடு விளக்கில் இல்லை, விளக்குக்குக் கட்டளையிடும் கணக்கில் இருக்கிறது.

இருண்ட வானத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் இருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மண்டலத்தில் உள்ள 8,300 புள்ளிகளில் நான்கைந்து மட்டுமே வெள்ளை. விளக்கை முழுதாக ஏற்றினால் நட்சத்திரம் சரியாக ஒளிரும், ஆனால் வானத்தில் திட்டு விழும். விளக்கைத் தணித்தால் வானம் கறுப்பாக இருக்கும், நட்சத்திரம் அணைந்துபோகும். இதில் சரியான விடை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு சமரசத்தைத் தேர்ந்தெடுக்கிறது. நல்ல கணக்கு இன்னொன்றையும் செய்யும்: விளக்கைச் சற்றுத் தணித்த அளவுக்குத் திரவப் படிகக் கதவை அகலத் திறந்து ஈடுகட்டும். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு விளக்கின் ஒளியும் திரையில் எவ்வளவு தூரம், எந்த வடிவில் பரவுகிறது என்பதை அளந்து, அந்த வரைபடத்தைப் பெட்டியே நினைவில் வைத்திருந்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் (காணொளியின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) கணக்கிட வேண்டும். வசன வரி சட்டென்று தோன்றிச் சட்டென்று மறைவது. பின்னொளி ஒரு சட்டகம் பிந்தினாலும், எழுத்து போன பிறகு அதன் நிழல்போல ஒளி தங்கி நிற்பது கண்ணுக்குப் புலப்பட்டுவிடும்.

இந்தச் சிந்தனை மினி எல்இடியோடு பிறந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து பிறந்த பிரைட்சைடு என்ற சிறு நிறுவனம், 2005-இல் 37 அங்குலத் திரைக்குப் பின்னால் 1,380 எல்இடி விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கிக் காட்டியது. 2007-இல் டால்பி நிறுவனம் அதை வாங்கியது. தொழில்முறைத் திரைகளில் வேறொரு வழியையும் கண்டார்கள்: சோனியின் பிவிஎம் எச்எக்ஸ் 310 என்ற 31 அங்குலத் திரையில் ஒரு திரவப் படிகப் பலகத்தின் பின்னால் இன்னொரு பலகத்தை வைத்து, கதவுக்குப் பின்னால் கதவாக ஒளியைத் தடுக்கிறார்கள். அதன் இருட்டு நேர்த்தியானது. ஆனால் இரண்டு பலகங்களைக் கடந்து வெளியே வர வேண்டும் என்பதால் பின்னொளி மிகுந்த மின்சாரத்தைக் கேட்கும். வரவேற்பறைக்கு அது பொருந்தாது. மினி எல்இடி இவ்வளவு பரவியதற்குக் காரணம், அது பிரைட்சைடு காட்டிய அதே வழியை மலிவாகவும் மெல்லிதாகவும் செய்யக் கற்றுக்கொண்டதுதான்.

மலர்விழி அவர்கள் இன்றிரவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வெள்ளை எழுத்து 200 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவில் ஒளிர்ந்தால், 4,000-இல் ஒரு பங்கு கசியும் பலகத்தில் அதைச் சுற்றி 0.05 நிட் ஒளி தெரியும். இருளுக்குப் பழகிய கண் அதை எளிதில் கண்டுகொள்ளும். எழுத்தை 60 நிட் அளவுக்கு மங்கலாக்கினால் கசிவும் 0.015 நிட்டுக்கு இறங்கும். ஆகவே தொலைக்காட்சியின் அல்லது ஒளிபரப்புச் செயலியின் அமைப்புகளில் வசன வரியின் நிறத்தை வெள்ளையிலிருந்து இளஞ்சாம்பலுக்கு மாற்றுங்கள். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டையிடும் வசதியைத் தேட வேண்டாம். கசிவு அந்தப் பட்டையின் வழியேயும்தான் வரும். அடுத்து, தொலைக்காட்சிக்குப் பின்புறச் சுவரை நோக்கி ஒரு சிறு வெண்விளக்கை வையுங்கள். அறை முற்றிலும் இருளாக இல்லாவிட்டால் கண் அந்த நுண்ணிய ஒளியைப் பொருட்படுத்தாது. மூன்றாவதாக, மண்டலத் தணிப்பு உச்ச நிலையில் இருந்தால் நடு நிலைக்குக் குறைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில பெட்டிகளில் உச்ச நிலை எழுத்தையும் சேர்த்துத் துடிக்கவைக்கும்.

ஓஎல்இடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் இந்தப் புகை அறவே இருக்காது. இருட்டறையில் படம் பார்ப்பதற்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் உங்கள் வரவேற்பறையில் பிற்பகல் வெயில் விழுகிறது. முழுத் திரையும் வெளிச்சமாக இருக்கும் கிரிக்கெட் மைதானக் காட்சியில் ஓஎல்இடி தன் பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும். செய்தி ஒளிவழியின் சின்னம் நாள்தோறும் ஒரே மூலையில் மணிக்கணக்கில் நின்றால் அங்கே தடம் பதியும் வாய்ப்பும் உண்டு. பகல் முழுவதும் ஓடும் பெட்டி என்றால், இரவில் இரண்டு மணி நேரப் புகைக்காக நான் மாறமாட்டேன்.

தெம்பனிஸ் காதர் எழுதியது:

எதிர்த்தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கும் இதே அனுபவம்தான். சென்ற ஆண்டு மினி எல்இடி வாங்கி, இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கூடுதல் பணம் கட்டி ஓஎல்இடிக்கு மாறினேன், இதுவரை வருந்தியதில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடியில், எதிர் அடுக்குமாடியின் நிழலில் இருக்கிறது. வேலை முடிந்து வந்து இரவில் மட்டுமே பார்க்கிறோம். புகையை ஒருமுறை கண்டுவிட்டால் அதன் பிறகு கதையைவிட அதையே தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நான் அந்த ரகம். சகோதரி மலர்விழி தம்மை எந்த ரகம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நன்யாங் மாணவர் எழுதியது:

மூவண்ண மினி எல்இடி பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. பொருளறிவியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் அதைப் பற்றி எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. இப்போதுள்ள பெரும்பாலான பெட்டிகளில் விளக்குகள் நீல நிறம் மட்டுமே. அந்த நீலத்தின் ஒரு பகுதியைக் குவாண்டம் புள்ளிகள் என்னும் நுண்துகள்கள் கொண்ட மெல்லிய தாள் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறது. இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோருக்கு நீல எல்இடிக்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசும், மௌங்கி பவெண்டி, லூயி புருஸ், அலெக்சி எகிமோவ் ஆகியோருக்குக் குவாண்டம் புள்ளிகளுக்காக 2023-இல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தன. இரண்டு நோபல் பரிசுகளின் பயன் ஒரே பின்னொளியில் சேர்ந்திருக்கிறது. புதிய வகையில் அந்தத் தாளுக்கு வேலையில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிச் சில்லுகளாகவே மண்டலத்துக்குள் அமர்கின்றன. 2025 தொடக்கத்தில் ஹைசென்ஸ் 116 அங்குலப் பெட்டியைக் காட்டியது. அதே ஆண்டில் சாம்சங் 115 அங்குலப் பெட்டியை வெளியிட்டது. இவை விலை இறங்கி வரும்போது வசன வரிச் சிக்கலும் தீர்ந்துவிடும் அல்லவா?

சிராங்கூன் இளங்கோவன் எழுதியது:

தம்பி, நிறத்தைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது முழுவதும் சரி. முடிவில் கேட்ட கேள்விக்கு மட்டும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வசன வரி வெள்ளை நிறம். வெள்ளை வேண்டும் என்றால் மண்டலத்தில் உள்ள மூன்று நிறச் சில்லுகளும் எரிய வேண்டும். எரிந்தால் கசிவு அதே கசிவுதான். அதற்கு மேலும் ஒரு புதிய சிக்கல் சேர்கிறது. செந்நிற ஒளியில் மூழ்கிய ஒரு காட்சியில் பின்னொளி சிவப்புச் சில்லுகளை மட்டும் ஏற்றி, எந்தப் பழைய பெட்டியும் காட்டாத தூய சிவப்பைக் காட்டும். அங்கே ஒரு வெள்ளை எழுத்து வந்து நின்றால் பச்சையும் நீலமும் எரிய வேண்டியிருக்கும். எழுத்தை ஒட்டிய சிவப்பின் தூய்மை அந்த மண்டலத்துக்குள் மட்டும் சற்றே குலையும். இருட்டில் ஒளி கசிவதைப் போல இங்கே நிறம் கசியும். மண்டலங்கள் பல்லாயிரமாகப் பெருகும்போது இது குறையும், மறைந்துவிடாது.

சில்லுகளிலும் சிரமம் உண்டு. நீலம், பச்சை இரண்டும் ஒரே வகை நைட்ரைடுப் பொருளால் ஆனவை. சிவப்பு வேறொரு பாஸ்பைடுப் பொருளால் ஆனது. வெப்பம் ஏறினால் சிவப்பின் ஒளி மற்ற இரண்டையும்விட விரைவாகக் குறையும். சில்லு சிறுக்கும்போது அதன் திறனும் அதிகம் அடிபடும். பச்சையோ நீலத்தின் திறனை இன்னும் எட்டவில்லை. ஆகவே மூன்றும் எப்போதும் ஒரே சமநிலையில் இருக்குமாறு பெட்டி ஓயாமல் அளந்து திருத்த வேண்டும். சோனி 2004-இலேயே குவாலியா 005 என்ற பெட்டியில் மூவண்ண எல்இடி பின்னொளியைக் கொண்டுவந்தது. அந்த வழி அன்று நிலைக்காமல், வெள்ளை எல்இடியும் பிறகு நீல எல்இடியும் இடம் பிடித்ததற்கு விலையோடு இந்தச் சமநிலைச் சிரமமும் சேர்ந்திருக்கும் என்பது என் கருத்து. இன்று கணக்கிடும் சில்லுகள் மலிந்துவிட்டன. அதனால் அந்தப் பழைய வழி மீண்டும் திறந்திருக்கிறது. நீங்கள் இந்தத் துறைக்கு வரும்போது செய்வதற்கு நிறைய மிச்சம் இருக்கும், தம்பி. ஆனால் மலர்விழி அவர்கள் வசன வரிக்காக அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

காட்சித்தொகுப்பாளன் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். கணக்கு மோசமாக இருந்தால் மண்டலங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை. நான் பலகையைச் செய்யும் பக்கத்தில் நின்றே பார்த்துப் பழகியதால் அதைக் குறைத்து எழுதிவிட்டேன்.

பொங்கோல் மலர்விழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று இரவு இருவரும் சேர்ந்து சோதனையைச் செய்து பார்த்தோம்.

நடு இருக்கையில் இருந்து நான் எழுத்துகளைப் பென்சிலால் மறைத்தபோது, சுற்றியிருந்த புகை மிக மெல்லியதாக அப்படியே இருந்தது. அப்பாவின் நாற்காலியில் அமர்ந்து பார்த்தபோது அது இரண்டு மடங்கு எடுப்பாகி, இளங்கோவன் ஐயா எழுதியதைப் போலவே எழுத்தை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்து தெரிந்தது. ஆகவே திரையில் கசிவு இருப்பது உறுதி. வசன வரியை இளஞ்சாம்பலாக்கி, பின்புறச் சுவருக்கு என் படிப்பு மேசை விளக்கைத் திருப்பி வைத்த பிறகு, நடு இருக்கையில் எனக்கு அது தெரியவே இல்லை என்று சொல்லலாம்.

பிறகு அப்பாவை நடு இருக்கையில் உட்காரவைத்தேன். விளக்கும் எரிந்தது, எழுத்தும் சாம்பலாகவே இருந்தது. அவரோ, மெழுகுவர்த்தி அப்படியேதான் இருக்கிறது என்றார். பென்சிலை வைத்து எழுத்துகளை மறைக்கச் சொன்னேன். மறைத்ததும், எல்லாம் போய்விட்டது, சுத்தமான கறுப்பு என்றார். இரண்டு கண்களுக்கும் தனித்தனியே செய்து பார்த்தோம், வலக்கண்ணில்தான் அதிகம். அப்போதுதான் மெல்லச் சொன்னார்: சில மாதங்களாக இரவில் எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கும் தெருவிளக்கும்கூட இப்படித்தான் பூத்துத் தெரிகின்றனவாம். வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று எண்ணி எங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டார். கண்புரையாக இருக்குமா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வரும் செவ்வாய்க்கிழமை பலதுறை மருந்தகத்தில் அவருக்கு முன்பதிவு செய்திருக்கிறேன்.

தொலைக்காட்சியை மாற்றப்போவதில்லை. காதர் அண்ணனின் கேள்விக்கு விடை, நான் கதையைப் பார்க்கும் ரகம். ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது: வசன வரி கீழேயுள்ள கறுப்புப் பட்டையில் வரும்போது இன்னும் சற்று வெளிறுகிறது. அதற்கும் வழி உண்டா?

காட்சித்தொகுப்பாளன் எழுதியது:

உண்டு. செயலியின் வசன வரி அமைப்பில் இடத்தை மாற்றும் வசதி இருந்தால், வரியைப் பட்டையிலிருந்து மேலே தூக்கிப் படத்தின் அடிவிளிம்புக்குள் கொண்டுவாருங்கள். பட்டை முழுக்கறுப்பு என்பதால் அங்கே ஒரு சிறு கசிவும் தனித்துத் தெரியும். படத்துக்குள் அந்த மண்டலங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஓரளவு எரிந்துகொண்டிருக்கும். கசிவு காட்சியோடு கலந்துவிடும். செயலியில் அந்த வசதி இல்லையென்றால் தொலைக்காட்சியின் அணுகுதன்மை அமைப்பில் தேடிப் பாருங்கள். சில பெட்டிகளில் அங்கே வைத்திருக்கிறார்கள். மருந்தகத்தில் மருத்துவரிடம் அந்தப் பென்சில் சோதனையையும், பேருந்து விளக்கைப் பற்றி அப்பா சொன்னதையும் மறக்காமல் சொல்லுங்கள்.